எருமைக்குக் குழைத்த சேறு

“இருபது நாளாகச் சேறு குழைக்கிறேன் அம்மா. ஒரு வார்த்தை உபதேசம் இன்னும் என் காதில் விழவில்லை” என்றார் தில்லைவிடங்கர்.

அஞ்சுகம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முழங்கால் வரை செம்மண். தாடியில் இரண்டு வைக்கோல் துணுக்கு.

“நாளைக்கு அடுப்புக்குக் குழைக்கணும் ஐயா. உமி எடுத்து வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

விடங்கருக்கு வயது அறுபத்திரண்டு. வாதத்தில் ஏழு ஊர் மடங்களை வென்றவர். ஆன்மா ஒன்று என்று காலையில் நிறுவிவிட்டு, பல என்று சாயங்காலம் நிறுவக் கூடியவர். எதிரே உட்கார ஆளே இல்லை என்று ஆன பிறகுதான், தாம் நிறுவிய எதையும் தாம் நம்பவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அன்று முதல் சோறு இறங்கவில்லை. யாரோ ஆற்றங்கரை அஞ்சுகம்மாளைப் போய்ப் பாருங்கள் என்றார்கள்.

வந்து பார்த்தால் முப்பத்தைந்து வயதுப் பெண். நெசவாளர் வீட்டு மகள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆசிரமம் என்பது மூன்று மண் குடிசை, ஒரு கிணறு, சமைத்துப் போட வேலாயி என்றொரு பெண், ஓர் எருமை. அவ்வளவுதான்.

மகளைவிட இளையவள் காலில் விழ அவருக்கு இடுப்பு வளையவில்லை. நின்றபடியே கேட்டார்.

“மெய்ப்பொருளை எனக்குக் காட்ட இயலுமா?”

“மேலண்டைச் சுவரு பெயர்ந்து கிடக்கு. உங்களுக்குச் சேறு குழைக்கத் தெரியுமா?”

“மண்ணில் நீரை ஊற்றினால் சேறு. இதில் தெரிய என்ன இருக்கிறது?”

“அப்ப நல்லதாப் போச்சு” என்றார் அஞ்சுகம்மாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

செம்மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மிதித்து, நாலு நாள் ஊற விடச் சொன்னார்கள். இரண்டாம் நாளே குழி நாறியது. விடங்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு அத்தனையையும் வாரிக் குப்பைமேட்டில் கொட்டினார்.

வேலாயி பார்த்துவிட்டாள்.

“புளிக்கப் போட்ட சேத்தையா சாமி கொட்டினீங்க?”

“கெட்டுப்போன பொருளை அகற்றினேன்.”

“கெட்டாத்தான் சாமி அது சுவத்துல ஒட்டும்.”

இதை மறுக்க விடங்கரிடம் உடனடியாக மூன்று வழிகள் இருந்தன. முதல் வழியைத் தொடங்குவதற்குள் வேலாயி உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுபடியும் குழைத்தார். இந்த முறை கொட்டவில்லை. ஐந்தாம் நாள் வெயிலில் நின்று திரும்ப மிதித்ததில் தலை பிளக்கிற மாதிரி வலித்தது. அஞ்சுகம்மாள் குளத்து வண்டலைக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கொண்டிருந்தார்.

“அது எதற்கு?”

“உங்க நெத்தியில பத்துப் போட. சூடு இறங்கும்.”

விடங்கரால் சும்மா இருக்க முடியவில்லை. “குழி நிறையச் சேறு இருக்கிறதே அம்மா. மண் ஒன்று. நீர் ஒன்று. ஆகவே சேறும் ஒன்றுதானே?”

அஞ்சுகம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நீங்க சொல்றது சரிதான்” என்றார்.

வடிகட்டியதை ஓரமாக வைத்துவிட்டுக் குழிக்குப் போனார். ஐந்து நாள் புளித்ததில் இரண்டு கை அள்ளி வந்து அவர் நெற்றியில் அப்பினார்.

வைக்கோல் புருவத்தில் குத்தியது. நாற்றம் மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கியது. ஈக்கள் வந்தன, போய்ச் சொல்லி மற்ற ஈக்களையும் கூட்டி வந்தன. விடங்கர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தோற்றதாக ஆகிவிடும். உச்சிப்பொழுது வரை அப்படியே கிடந்தார்.

“தலைவலி எப்படி இருக்கு ஐயா?”

“வேறு சேறு இருந்தால் கொடுங்கள்” என்றார் விடங்கர்.

அதன் பிறகு அவர் சேற்றை அலட்சியம் செய்யவில்லை. ஓலையும் எழுத்தாணியும் எடுத்துக்கொண்டார். சுவருக்கு மண் எத்தனை படி, வைக்கோல் எத்தனை பிடி. நெற்றிப் பத்துக்கு வண்டல் எத்தனை, துணியில் எத்தனை தரம் வடிப்பது. நெற்குதிரின் வாயை அடைக்கிற சேறு, கூரை முகட்டில் பூசுகிற சேறு. வந்த விஷயம் பல நாள் நினைவுக்கே வரவில்லை. ‘சேற்றிலக்கணம்’ என்று இருநூறு பாட்டில் ஒரு நூல் செய்யலாம் என்று தோன்றியது. காப்புச் செய்யுள்கூட மனசில் வந்துவிட்டது.

இருபத்தோராம் நாள், ஓலையில் கண்ட அளவு பிசகாமல் உமி சேர்த்து அடுப்புப் போட்டார். அன்று கிடைத்த மண்ணில் மணல் அதிகம். அடுப்பு காய்ந்து, குறுக்கே பிளந்து, கஞ்சிப் பானையோடு சரிந்தது. யாருக்கும் பொழுது சாயும் வரை சாப்பாடு இல்லை.

“ஓலையில எழுதினது சரியாத்தான் சாமி இருக்கும். மண்ணுக்குத் தெரியலை போல” என்றாள் வேலாயி.

அந்தச் சித்திரையில் ஆறும் குளமும் அடியோடு வற்றின. எருமை நிறைசினை. புரளுவதற்கு ஈரம் இல்லை. தோல் வெடித்து, நாக்கைத் தொங்கப் போட்டு நின்றது. இரண்டு நாளாக வைக்கோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதற்கு விசிறினாள்.

“இன்னொரு நாள் தாங்காது” என்றாள்.

அஞ்சுகம்மாள் விடங்கரைக் கூப்பிட்டார். “எருமை படுக்கச் சேறு வேணும் ஐயா.”

விடங்கர் ஓலையை எடுத்தார். “குழிக்கு எத்தனை குடம் நீர் விடுவது?”

“எனக்குத் தெரியாது. நான் அதுல படுத்ததில்லை.”

“பின் யாரைக் கேட்பது?”

அஞ்சுகம்மாள் கயிற்றை அவிழ்த்து எருமையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கிணற்றுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் குழி வெட்டினார். வண்டல் கொட்டி எட்டுக் குடம் இறைத்து ஊற்றினார். எருமை ஒரு காலை வைத்தது. எடுத்துக்கொண்டது.

இன்னும் நாலு குடம் ஊற்றினார். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒப்புக்கொள்ளாத எதிராளிகள் விடங்கருக்குப் புதிதல்ல. அவர்கள் எந்த இடத்தில் தவறினார்கள் என்று எப்போதும் அவரால் சொல்ல முடிந்திருக்கிறது. இந்த எருமை எங்கே தவறியது என்று சொல்ல முடியவில்லை. அது வாயில் நுரை தள்ள, வெயிலில் நின்றது.

குழைத்தது போதவில்லையோ என்று குழிக்குள் இறங்கி மிதித்தார். வழுக்கியது. தொப்பென்று இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்தார்.

மேலே குளிர்ந்தது. அடியில் சுட்டது.

சித்திரை வெயிலைக் குடித்த தரை. குழி ஆழம் போதாது. விடங்கர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையால் தோண்டினார். முழங்கை போகும் வரை தோண்டியபோது விரலில் குளிர்ந்த மண் பட்டது. எழுந்து போய் மண்வெட்டி கொண்டுவந்து குழி முழுக்க அந்த ஆழத்துக்கு வெட்டினார். குடங்களை ஊற்றினார். மறுபடி உட்கார்ந்து பார்த்தார். அடியில் இன்னும் லேசாகச் சூடு. இன்னும் வெட்டினார், இன்னும் ஊற்றினார். உட்கார்ந்தார்.

இப்போது சுடவில்லை.

எருமையைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அது தானாக வந்து, முன்காலை மடக்கி, அவர் பக்கத்தில் மெல்லச் சாய்ந்தது. சேறு அவர் மார்பு வரை ஏறியது. எருமை நீளமாக ஒரு மூச்சு விட்டது. காதை ஆட்டியது. அவர் முகமெல்லாம் சேறு.

சற்று நேரத்தில் அசைபோட ஆரம்பித்தது.

ஓலை காலடியில் எங்கோ மிதிபட்டுக் கிடந்தது. விடங்கர் தேடவில்லை.

அந்த நேரம் பார்த்து மாசிலாமணிப் புலவர் வந்து சேர்ந்தார். எட்டு வருடத்துக்கு முன் நிறைந்த சபையில் விடங்கரிடம் தோற்றவர். அந்த எட்டு வருடமும் அதற்குப் பதில் தயார் செய்தவர். தாழங்குடை, சரிகைச் சால்வை, கக்கத்தில் சுவடிக் கட்டு. விடங்கர் எங்கே என்று கேட்டார். வேலாயி கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

குழியில் இரண்டு தலைகள் தெரிந்தன. புலவர் கொம்பில்லாததைப் பார்த்துப் பேசினார்.

“ஓய் விடங்கரே, உலகம் பொய்யென்று அன்றைக்கு நிறுவினீர். மெய்யென்பதற்கு நாற்பத்திரண்டு சான்றுகள் கொண்டு வந்திருக்கிறேன்.”

விடங்கரின் கை எருமையின் வயிற்றில் இருந்தது. உள்ளே கன்று ஒரு முறை உதைத்தது. அவர் கையை எடுக்கவில்லை.

“இருக்கட்டும்” என்றார். “மேலே காய்கிறது. அந்தக் குடத்தை எடும்.”

“முதல் சான்று என்னவென்றால்...”

“மெதுவாகப் பேசும். இப்போதுதான் கண்ணை மூடினாள்.”

புலவர் குழியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். எருமையின் முதுகில் சேறு காய்ந்து கோடு கோடாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஓர் ஈ அதில் வந்து உட்கார்ந்தது. எருமையின் தோல் சிலிர்த்தது.

 புலவர் சுவடிக் கட்டைக் கிணற்று மேட்டில் வைத்தார். சால்வையைக் கழற்றிப் பூவரசங் கிளையில் போட்டார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குடத்தைத் தூக்கினார்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.