கீழத்தெருவின் கதவுகள்

“என் மதகுக்காரர் செத்துக்கிட்டிருக்கார். இவங்க தவளை பிடிக்கப் போறாங்க!”

தணிகாசலம் பொரிந்து தள்ளினார். பதினெட்டு வருஷம் டிவி சீரியல் எழுதியவர். ஐம்பத்து நான்கு வயதில் வீடியோ கேம் கம்பெனிக்குக் கதை எழுத வந்திருந்தார். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெனிட்டாவுக்கு முப்பத்தொன்று.

“யாரு சார் போனது?”

“நம்ம கேமை ஆடிப் பார்க்க வர்ற எல்லாரும்தாம்மா. ஏரி உடையப்போகுது. மதகைத் திறந்தா கீழத்தெரு மூழ்கும், திறக்கலைன்னா கரை உடைஞ்சு மேலத்தெரு போயிடும். அந்த மனுஷன் உயிரை விட்டுக்கிட்டே பதினோரு நிமிஷம் பேசறார். ஒருத்தர்கூட முழுசாக் கேக்கலை.”

“என்ன பண்ணலாம்ங்கறீங்க?”

“மத்த வழியெல்லாம் அடைச்சுடுங்க. நேரா அவர்கிட்டதான் வந்து நிக்கணும்.”

பெனிட்டா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

“மூணு மணிக்கு ஒருத்தங்க ஆட வர்றாங்க. பின்னாடி உக்காந்து பாருங்க சார். வாயைத் திறக்கக் கூடாது.”

வந்தவள் பெயர் கோமளா. பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள். கன்ட்ரோலரைப் பிடித்த பிடியிலேயே பழகிய கை என்று தெரிந்தது.

திரையில் மழை கொட்டியது. மதகுக்காரர் பேச ஆரம்பித்தார். இரண்டாவது நிமிஷம் கோமளா பட்டனைத் தட்டி அவர் வாயை அடைத்தாள்.

தணிகாசலம் பெனிட்டாவை முறைத்தார்.

மதகைத் திறப்பதா, வேண்டாமா என்று திரை கேட்டது.

கோமளா கன்ட்ரோலரை மடியில் வைத்தாள்.

“யோசிக்க நேரம் இருக்கா?”

“வேணுங்கற அளவு இருக்கு,” என்றாள் பெனிட்டா.

கோமளா திரையின் ஓரத்தில் தெரிந்த கீழத்தெருக் கூரைகளைப் பார்த்தாள்.

பிறகு கன்ட்ரோலரை எடுத்து, இரண்டையும் தேர்ந்தெடுக்காமல், திரையில் கரையிலிருந்து இறங்கி ஓடினாள். கீழத்தெருவுக்கு.

அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் வீடுகள். தணிகாசலம் பேச வாயெடுத்தார். பெனிட்டா உதட்டில் விரல் வைத்தாள்.

முதல் வீட்டுக் கதவைக் கோமளா தட்டினாள். ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“நல்ல வெயில். நெல்லு இன்னிக்கே காஞ்சிடும்.”

அந்தக் கொட்டும் மழையில் அப்படிச் சொன்னாள். கதவைத் தட்டினால் ஏதாவது சொல்லட்டும் என்று, டீ ஆறுவதற்குள் தணிகாசலம் எழுதிப்போட்ட வரி அது. தெரு முழுக்க அந்த ஒரே வரிதான்.

“அக்கா, தண்ணி வரப்போகுது,” என்றாள் கோமளா. திரையைப் பார்த்து, வாய்விட்டு. “புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிடுங்க.”

“நல்ல வெயில். நெல்லு இன்னிக்கே காஞ்சிடும்.”

அடுத்த வீடு. அதற்கும் அடுத்த வீடு.

“அண்ணே, கிளம்புங்க.”

“நல்ல வெயில்.”

யாருக்கும் கேட்கவில்லை. கேட்காது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வீட்டைக்கூட விடவில்லை. பூட்டியிருந்த கதவை இரண்டு தடவை தட்டினாள்.

அரைமணி நேரம் ஆயிற்று. தணிகாசலம் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

கடைசி வீட்டையும் முடித்துவிட்டுக் கோமளா கரையேறினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மதகைத் திறந்தாள்.

திரையில் தண்ணீர் கீழத்தெருவுக்குள் இறங்கியது. கோமளா துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சாரி மேடம், உங்க நேரத்தை ரொம்ப எடுத்துட்டேன்,” என்று எழுந்து போனாள்.

பெனிட்டா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அந்தப் பொண்ணு என்னைவிட நல்லா எழுதிட்டுப் போயிடுச்சும்மா,” என்றார் தணிகாசலம்.

பெனிட்டா திரையை அணைக்கப் போனாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“கீழத்தெருவுல எத்தனை வீடு?”

“நாப்பத்தி மூணு சார்.”

அவர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்தார்.

“முதல் வீட்டு அம்மா பேரு என்ன?”

“இன்னும் வைக்கலை சார்.”