கெண்டை மறைத்த துக்கம்

காட்டோரக் குளம் ஒன்றில் கோடை முற்றியது. தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. கடைசியில் நடுக்குழியில் மட்டும் கொஞ்சம் கலங்கல் தேங்கி நின்றது. அதில் ஒரு தாய்க்கெண்டை தன் குஞ்சுகளோடு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

பக்கத்து ஆற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆற்றிலிருந்து குளத்துக்கு ஒரு வாய்க்காலும் உண்டு. ஆனால் அதன் வாயை வண்டல் அடைத்திருந்தது.

"அதைக் கிளறித் தள்ள அரை நாள் போதும்! என் மூக்கு வேறு எதற்கு இருக்கிறது?" என்றது காட்டுப்பன்றி.

ஆனால் வாய்க்காலில் கை வைக்கக் குளத்துச் சபையின் தீர்மானம் வேண்டும். முன்பு ஒரு முறை நீர்நாய் யாரையும் கேட்காமல் கரையைத் தோண்டியது. குளமே வடிந்துபோனது. அன்று போட்ட விதி அது. நல்ல விதிதான்.

கெண்டை சபையில் மனுக் கொடுத்தது. மறுநாள் காலை சபை கூடியது. எருமை தலைவர், உடும்பு செயலாளர். பன்றி, முயல், நாரை மூன்றும் உறுப்பினர்கள். நாரை சபையில் சேர்ந்த பிறகு இந்தக் குளத்து மீனைத் தொடுவதில்லை. ஆற்றுக்குப் பறந்துபோய் இரை தேடும்.

"முதலில், துயரச் செய்தி ஏதும் உண்டா?" என்று உடும்பு கேட்டது.

"உண்டு! வெயில் தாங்காமல் கிழத்தவளை இறந்துவிட்டது!" என்றது நாரை.

எல்லாம் எழுந்து தலைகுனிந்து நின்றன. முயல் விம்மியது. பிறகு எருமை, "கூட்டம் நாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்றது.

"ஐயா! என் மனு?" என்று கெண்டை பதறியது.

"துக்கம் அனுசரித்த நாளில் வேறு அலுவல் எடுப்பதில்லை, அம்மா. இறந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை அது. நாளைக்கு முதல் வேலை உன் வாய்க்கால்தான்!"

அன்று வெயில் இன்னும் கொடுமையாக அடித்தது. மறுநாள் விடிந்தபோது ஒரு கெண்டைக் குஞ்சு வயிறு மேலே தெரிய மிதந்தது.

"துயரச் செய்தி!" என்று நாரை கண்ணீர் வடித்தது.

"மீனுக்காக நீங்கள் அழுவதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது, நாரையண்ணே!" என்று பன்றி முணுமுணுத்தது.

"சபையில் கேலி வேண்டாம்!" என்று உடும்பு அதட்டியது. எல்லாம் மறுபடியும் எழுந்து நின்றன.

கெண்டை சேற்றின் ஓரத்துக்கு வந்து தலையை வெளியே நீட்டியது.

"என் பிள்ளைக்காக யாரும் நிற்க வேண்டாம், ஐயா! உட்காருங்கள்! மற்ற பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வாய்க்காலைப் பற்றிப் பேசுங்கள்!"

சபை திடுக்கிட்டது.

"பெற்றவள் பேசுகிற பேச்சா இது!" என்று முயல் காதைப் பொத்திக்கொண்டது.

"தலைவரே, அவள் சொல்வது சரிதான். இந்த ஒரு நாள் மட்டும் விட்டுக்கொடுங்கள்!" என்றது பன்றி.

எருமையின் கண்ணும் கலங்கியிருந்தது. "தவளைக்குச் செய்ததைக் குஞ்சுக்குச் செய்யாமல் விடலாமா? சிறியவர் என்றால் மரியாதை குறைவா? அது அநியாயம். கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

அடுத்த நாள் இன்னொரு குஞ்சு மிதந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. சபை தவறாமல் கூடியது. தவறாமல் அழுதது. தவறாமல் கலைந்தது.

பிறகு ஒரு விடியலில், குழியில் இருந்தவற்றில் ஒரே ஒரு குஞ்சுதான் அசைந்தது. கெண்டை அழவில்லை. இறந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக வாயால் தள்ளிக்கொண்டு போய், வாடிய தாமரை இலைக்கு அடியில் சேற்றில் புதைத்தது. இலையின் மேல் தானே வந்து படுத்துக்கொண்டது.

சபை கூடியது.

"துயரச் செய்தி ஏதும் உண்டா?"

நாரை கழுத்தை நீட்டிக் குழியைப் பார்த்தது. "ஒன்றும் மிதக்கவில்லை."

எருமை மனம் மகிழ்ந்து கெண்டையிடம் கேட்டது: "அம்மா, பிள்ளைகள் நலமா?"

கெண்டை இலையை விட்டு அசையவில்லை.

"நலம், ஐயா" என்றது.

"அப்படியானால் மனுவை எடுப்போம்!"

ஒருவர் கூட மறுக்கவில்லை. இலை ஒன்று உதிரும் நேரத்தில் தீர்மானம் நிறைவேறியது. பன்றி பாய்ந்து ஓடியது. மூக்கு கிழிய வண்டலைக் கிளறியது. மாலைக்குள் ஆற்றுநீர் சலசலவென்று குழிக்குள் இறங்கியது.

தாமரை இலை மிதந்து விலகியது. சேறு கரைந்தது. குட்டிக் குட்டி உடல்கள் நீரின் மேலே வந்தன.

"ஐயோ! நலம் என்று சொன்னாளே! நம்மிடம் ஏன் மறைத்தாள்?" என்று எருமை அலறியது.

மூக்கில் ரத்தம் வடிய நின்ற பன்றி சொன்னது: "உண்மையைச் சொல்லியிருந்தால், தலைவரே, இன்றும் நாம் எழுந்து நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருப்போம்."

கெண்டை பிள்ளைகளின் உடல்களை ஒரு முறை சுற்றி வந்தது. பிறகு உயிரோடிருந்த குஞ்சை முன்னே விட்டு, வாய்க்கால் வழியே ஆற்றை நோக்கி எதிர்நீச்சல் போட்டது.

உயிரோடிருப்பவரின் குறையைத் தீர்க்காமல் இறந்தவருக்காக மட்டும் அழுவது, மரியாதையும் ஆகாது, இரக்கமும் ஆகாது.