'காணோம்' ஸ்டேஷன்

புளியங்கரை போலீஸ் ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டர் சற்குணராஜுக்கு ஒரே ஆசைதான். மாவட்டக் குற்றப் புள்ளிவிவரத்தில் தன் ஸ்டேஷனுக்கு நேரே திருட்டு பூஜ்யம் என்று வர வேண்டும்.

புகார் எழுதும் ஏட்டு பேச்சித்தாயைக் கூப்பிட்டார். "வர்றவன் என்ன சொல்றான்? 'வண்டியைக் காணோம்'னுதானே? அப்போ 'காணவில்லை'ன்னே எழுதும்மா. வழக்கு வேண்டாம், ரசீது போதும்."

"பூட்டை உடைச்சிருக்காங்களே ஐயா?"

"பூட்டையும் காணோம்னு எழுது."

பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார். மூன்று மாதத்தில் நாற்பத்தொரு பைக் 'காணவில்லை'. வழக்கே இல்லாததால் தேடவும் ஆள் இல்லை. முதல் ஆளாக வண்டியைப் பறிகொடுத்த பால்காரர் ஞானமுத்து கேனைத் தோளில் சுமந்துகொண்டு தினமும் வந்து கேட்டுவிட்டுப் போனார். மாவட்டத்திலிருந்து பாராட்டுக் கடிதம்தான் வந்தது.

இன்ஸ்பெக்டர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய அன்றே, ஸ்டேஷன் வாசலில் நின்ற அவருடைய புது பைக் போய்விட்டது. உள்ளே ஓடிவந்தார்.

"பேச்சித்தாய், என் வண்டியைக் காணோம்."

பேச்சித்தாய் ஒரு ரசீதைக் கிழித்து நீட்டினார்.

"என்னம்மா இது? எவனோ திருடியிருக்கான். வழக்குப் போடு."

"போடலாம் ஐயா. ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்கே. உங்களது நாற்பத்திரண்டாவது. பால்காரர்லேருந்து ஆரம்பிக்கட்டுமா?"

சற்குணராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பத்திரண்டு வழக்கிலும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஞானமுத்து சுவரைப் பார்த்துக் கேட்டார், "அந்தப் பாராட்டுக் கடிதம் எங்கம்மா?"

"காணோம்" என்றார் பேச்சித்தாய்.