மேட்டில் அடுக்கிய புல்

கடலோரத் தாழங்காட்டில் நரியும் கீரியும் முயலும் முள்ளெலியும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. காட்டின் நடுவே ஒரு மணல்மேடு இருந்தது. புயலடித்துக் கடல் உள்ளே வந்தால் எல்லோரும் ஏறி நிற்க அந்த ஓர் இடம்தான். ஆகவே அங்கே யாரும் வளை தோண்டக் கூடாது, ஒரு துரும்பைக்கூட வைக்கக் கூடாது என்று அவை பேசி வைத்திருந்தன. மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் எல்லோரும் குடும்பத்தோடு மேடேறி உட்கார்ந்து, இடம் போதுமா என்று பார்த்துவிட்டு இறங்குவது வழக்கம்.

பல வருஷம் புயலே வரவில்லை. வேலையைப் போட்டுவிட்டுச் சும்மா போய் உட்கார்ந்து வருவது எல்லோருக்கும் வேடிக்கையாகப் பட்டது. ஒரு வருஷம் விட்டுப்போனது. அடுத்த வருஷம் யாருக்கும் நினைவே வரவில்லை.

மேட்டில் முதலில் பொருள் வைத்தது முயல்தான். அதற்கு மூன்று குட்டிகள். மழையில் அவற்றின் படுக்கை ஈரமாகக் கூடாதே என்று, காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய் அடுக்கியது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பாவம். அதைப் பார்த்த நரி, குப்பத்தில் திருடிய கருவாட்டை அங்கே குவித்தது. முயல் வைத்தால் சரி, நான் வைத்தால் தப்பா என்று அது கேட்டால் யார் என்ன சொல்வது? கீரி ஒரு படி மேலே போய், தன் பங்குக்கு ஓர் ஓரத்தை வளைத்து முள்வேலியே போட்டுவிட்டது.

ஆள்காட்டிக் குருவிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. முயலிடம் வந்தது.

"எடுத்துருங்கக்கா. தண்ணி வந்தா புள்ளைங்கள எங்க நிறுத்துவீங்க?"

"உனக்கென்ன, றெக்கை இருக்கு. மழையில நனையப்போறது என் புள்ளைங்க. தண்ணி வரட்டும், அப்ப எடுத்துக்கலாம்!"

அந்த ஐப்பசியில் தண்ணீர் வந்தது. குருவி தொண்டை கிழியக் கத்தி எல்லோரையும் கிளப்பிவிட்டது. ஓடி வந்து பார்த்தால், மேட்டில் கால் வைக்க இடமில்லை. நரி கருவாட்டை உதைத்து உதைத்துத் தள்ளியது. வேலியைப் பிடுங்கப் போன கீரிக்கு உடம்பெல்லாம் முள். அதற்குள் கடல் மேட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

முயல் இரண்டு குட்டிகளை நரியின் காலடியில் ஒண்ட வைத்தது. கடைக்குட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. அதைப் புல்லுக்கட்டின் மேல் உட்கார வைத்தது.

"அசையாம இரு, கண்ணு."

காய்ந்த புல் மிதக்கும் என்று அந்த நேரத்தில் முயலுக்குத் தோன்றவில்லை. அடுத்த அலை புல்லுக்கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று. அம்மா சொன்னபடி, குட்டி அசையாமலே உட்கார்ந்திருந்தது. குருவி பின்னாலேயே பறந்து போனது. வெகுநேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தது.

தண்ணீர் வடிந்ததும், யாரும் யாரையும் திட்டிக்கொள்ளாமல் மேட்டைச் சுத்தம் செய்தன. இப்போதெல்லாம் மழைக்கு முன் எல்லோரும் தவறாமல் ஏறி உட்கார்ந்து பார்க்கின்றன. எல்லோருக்கும் இடம் இருக்கிறதா என்று குருவி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வரும். முயல் தன் பக்கத்து மணலைக் கையால் தடவிக்கொடுக்கும்.

"இருக்கு. ஒரு புள்ளைக்கு மிச்சமாவே இருக்கு."

ஆபத்துக்கென்று எல்லோருமாக ஒதுக்கிய இடத்தை, ஆபத்தே வராத நாளிலும் காலியாகத்தான் வைத்திருக்க வேண்டும்.