கண்ணாடியில் பாடை தெரியணும்

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா, அந்த ஒரு ஊர்லதான் இப்படின்னு நினைச்சுக்கிட்டு நீங்க நிம்மதியாத் தூங்கப் போயிடுவீங்க.

நாங்க பத்துப் பன்னெண்டு பேர். எல்லார்கிட்டயும் பைக் இருக்கு. பட்டாளத்துல இருக்கும்போதே ஒருத்தர் செத்துப்போனா லாரி வரும், பியூகிள் வரும், கலெக்டர் வருவார், டிவிக்காரன் வருவான். அதே ஆள் எல்லையில காலத்தைக் கழிச்சுட்டு ஊருக்கு வந்து, சர்க்கரை நோய்ல படுத்துச் செத்தா ஒரு நாதி கிடையாது. அந்த மாதிரிச் சாவுக்கு நாங்க போவோம். வீட்டுலேர்ந்து மயானம் வரைக்கும் பாடைக்கு முன்னால ரெண்டு ரெண்டு வண்டியா, ஃபர்ஸ்ட் கியர்ல, ஹாரன் அடிக்காம. அவ்வளவுதான் எங்க வேலை.

எங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தவர் தாஸ். பட்டாளத்துல வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவர். அங்கே அப்படிப்பட்டவங்களை உஸ்தாத்னு கூப்பிடுவாங்களாம். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டோம்.

அவர் சொல்லிக் குடுத்த பாடம் ஒண்ணே ஒண்ணு. முன் வண்டிக்காரன் ரோட்டை விடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்க்கணும். கண்ணாடியில பாடை தெரியணும். தெரியலையா, நின்னுடணும்.

அழகுராஜா அண்ணன் ஒருதடவை அவர்கிட்ட கேட்டார். அண்ணன் உரக்கடை வச்சிருக்கார். உஸ்தாதை விட ரெண்டு வயசு மூத்தவர், ஆனா உஸ்தாத் பேச்சுன்னா உசிரு.

“எதுக்கு உஸ்தாத் எப்பப் பார்த்தாலும் கண்ணாடி கண்ணாடின்னு? பாடை எங்கே ஓடிப் போகப் போகுது?”

“பாடை ஓடாதுண்ணே. முன்னால போறவன் ஓடிருவான். எல்லாரும் தன்னைத்தான் பார்க்குறாங்கன்னு நினைச்சுக்குவான்.”

அண்ணன் சிரிச்சார். அன்னைக்கு நாங்களும் சிரிச்சோம்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலைல இந்திராணின்னு ஒரு அம்மா போன் பண்ணாங்க. அப்பா ஹவில்தார் சோலைமலை தவறிட்டார், வர முடியுமான்னு கேட்டாங்க. ஊர்ப் பேரைக் கேட்டதும் அழகுராஜா அண்ணன் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

“என் சம்சாரத்தோட ஊரு உஸ்தாத். என் மச்சான்தான் அங்கே ஊர்த் தலைவர்.”

“அப்பச் சரியாப் போச்சு. முன் வண்டி நீங்க ஓட்டுங்க.”

போனோம். ஊருக்குள்ள நுழைஞ்சா பெரிய தெரு. சிமென்ட் ரோடு, ரெண்டு பக்கமும் மாடி வீடு. அந்தப் பக்கக் கடைசியில மயானம். இந்தப் பக்கம், ஊருக்கு வெளியே, சோலைமலை வீடு இருக்கிற காலனி. தெரு வழியாப் போனா மயானம் கூப்பிடு தூரம். ஆனா காலனிச் சாவு தெருவுக்குள்ள வரக் கூடாதாம். கண்மாய்க் கரையைச் சுத்திக்கிட்டுத்தான் போகணுமாம். மழையில கரை உடைஞ்சு முழங்கால் வரைக்கும் சேறு.

இந்திராணி அம்மா அழல. அழுது முடிச்சிருந்தாங்க. அப்பாவுக்கு யூனிபார்ம் போட்டு, பழைய பூட்ஸைப் பாலிஷ் பண்ணிக் காலில மாட்டியிருந்தாங்க.

“சார், எங்கப்பா பனிமலையில இந்தப் பூட்ஸோட நின்னவர். லீவுல வந்தா அந்தத் தெருவுல செருப்பைக் கையில தூக்கிட்டு நடப்பார். சைக்கிள்ல ஏற மாட்டார், உருட்டிக்கிட்டே போவார். ஏன்ப்பான்னு கேட்டா, விடும்மான்னுவார். போன வாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னைத் தெரு வழியாத் தூக்கிட்டுப் போங்கன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல சார் அவரு.”

இதை இப்பச் சொல்றப்பகூட எனக்கு வயிறு எரியுது. பனியில நின்னது நாட்டுக்காகவாம், நடக்குறதுக்கு மட்டும் ஊர் அனுமதி வேணுமாம். தூ!

“நான் பேசிட்டு வர்றேன்”னு அழகுராஜா அண்ணன் கிளம்பினார். மச்சான் வையாபுரி வீட்டுக்குப் போனவர் கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தார். முகத்துல அப்படி ஒரு பிரகாசம்.

“பேசி முடிச்சாச்சு உஸ்தாத். ஒரு தகராறும் வேண்டாம். நம்ம வண்டி எல்லாம் தெரு வழியாவே போகலாம். மச்சான் மாலை போடுறேங்குறார். மோர்ப்பந்தல்கூட ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டார். பாடை மட்டும் கரை வழியா வரட்டும். மயானத்து வாசல்ல சேர்ந்துக்கலாம்.”



“அப்ப மாலை யாருக்கு சார்?”னு இந்திராணி அம்மா கேட்டாங்க.

அண்ணன் திரும்பி உஸ்தாதைப் பார்த்தார். நான் உஸ்தாத் ரெண்டு அறை விடுவார்னு நினைச்சேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டார்.

“முன் வண்டி நீங்க. போங்கண்ணே.”

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இருந்தாலும் வண்டியை எடுத்தேன். எனக்கு அண்ணனுக்குப் பின் வரிசை. உஸ்தாத் எப்பவும் கடைசி வண்டி, பாடைக்கு ஒட்டின மாதிரி.

தெரு பிரியுற இடம் வந்துச்சு. நாங்க தெருவுக்குள்ள திரும்பினோம். தூக்கிட்டு வந்தவங்க கரைப் பக்கம் திரும்பப் போனாங்க. உஸ்தாத் வண்டியை நிறுத்தி அவங்ககிட்ட, “இங்கேயே இருங்க தம்பிகளா, கொஞ்ச நேரம்”னு சொல்லிட்டு எங்க பின்னால வந்தார்.

எதிர்ல பந்தல். வையாபுரி ரோஜா மாலையோட நிக்கிறார். தெருவே வேடிக்கை பார்க்குது.

நாலைஞ்சு வீடு தாண்டியிருக்க மாட்டோம். அழகுராஜா அண்ணன் சடக்குன்னு பிரேக் போட்டார். மனசு கேக்காம நிறுத்தினார்னு நான் சொல்ல மாட்டேன். பழக்கம். கண்ணாடியில பாடை இல்லைன்னா அந்தக் கால் தானா பிரேக்குக்குப் போயிடும். அப்படிப் பழக்கி வச்சிருந்தார் உஸ்தாத்.

“ஏன் மாப்ளே நிக்குற? வா, வா”ன்னு வையாபுரி கூப்பிட்டார்.

உஸ்தாத் வண்டியை ஸ்டாண்ட் போட்டுட்டு நடந்து வந்தார்.

“என்னண்ணே, நின்னுட்டீங்க?”

“கண்ணாடியில பாடை தெரியல உஸ்தாத்.”

“ஆமால்ல.” கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்னார். “மாலை இருக்கு, மோர் இருக்கு, பொணம் இல்ல. இருங்க.”

ஹெல்மெட்டைக் கழட்டி என் கையில குடுத்தார். அண்ணன் வண்டிக்குப் பின்னால, நடுத்தெருவுல, மல்லாக்கப் படுத்தார். உச்சி வெயில்ல சிமென்ட் ரோடு தோசைக்கல்லாக் கொதிக்குது. கையை நெஞ்சு மேல கட்டிக்கிட்டார்.

“இப்பத் தெரியுதா?”

“உஸ்தாத்! என்ன இது? எந்திரிங்க!”

“நான் செத்துட்டேன் அண்ணே. நானும் பட்டாளத்துக்காரன்தான். தூக்குங்க.”

“எங்கே தூக்குறது?”

“தெரு வழியாவா, கரை வழியாவான்னு அந்த ஐயாவைக் கேளுங்க.” கண்ணை மூடிக்கிட்டார்.

வையாபுரி மாலையோட ஓடி வந்தார்.

“யாரு மாப்ளே இந்தாளு?”

“எங்க உஸ்தாத், மச்சான்.”

“அது தெரியுது. என்ன ஆளுங்க?”

அண்ணன் முழிச்சார். எங்க எல்லாரையும் பார்த்தார். எங்களுக்கும் தெரியாது.

“பேர் என்ன?”னு கூட்டத்துல ஒருத்தர் கேட்டார்.

“தாஸ்”னேன்.

“தாஸ்னா எல்லாத்துலயும் இருக்கானே! சொந்த ஊர் எது?”

“ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவர்.”

“கும்புடுற சாமி?”

“நாங்க பார்த்த வரைக்கும் வண்டியைத்தான் துடைக்கிறார்”னேன். ரெண்டு மூணு பேர் சிரிச்சுட்டாங்க. வையாபுரிக்கு ஏறிக்கிச்சு.

“மாப்ளே, இந்தாள் வீட்டுல சாப்பிட்டிருக்கியா நீ?”

“சாப்பிட்டிருக்கேன்.”

“என்ன ஏதுன்னு விசாரிக்காமயா?”

“கேக்கணும்னு நினைச்சதுண்டு மச்சான். கேக்கல.”

அதுக்குள்ள டவுன் பஸ் வந்து எங்களுக்குப் பின்னால நின்னுச்சு. டிரைவர் ஹாரன் அடிச்சார். ஆட்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாங்க. உஸ்தாத் காது ரெண்டும் செவந்து போச்சு, கழுத்துல வேர்வை ஓடுது. கண்ணைத் திறக்கல. நிஜமாவே போயிட்டாரோன்னு எனக்கே திக்குன்னு ஆச்சு.

“எந்திரிக்கச் சொல்லுய்யா! பஸ் நிக்குதுல்ல!”ன்னு வையாபுரி கத்தினார்.

“செத்தவர் எப்படிங்க எந்திரிப்பார்? சீக்கிரம் வழியைச் சொல்லுங்க”ன்னேன்.

வையாபுரிக்குப் பொறுமை போயிடுச்சு. “ஐயோ, தெரு வழியாவே தூக்கித் தொலைங்களேன்! யாரு வேண்டாங்குறா?”

“ஆளு யாருன்னு தெரியாமயா மச்சான்?”

“பட்டாளத்து ஆளுன்னு அவரே சொன்னாருல்ல. போதும், விடு.”

அழகுராஜா அண்ணன் மச்சானைப் பார்த்தார். அப்புறம் திரும்பி, தெரு முக்குல வெயில்ல நிக்கிற பாடையைப் பார்த்தார். பாலிஷ் போட்ட பூட்ஸ் அங்கேருந்தே பளபளக்குது.

“அவரும் பட்டாளத்து ஆள்தானே மச்சான்.”

“அது வேற.”

அது வேற! ரெண்டே வார்த்தை. சாமி கும்புட்டா அது வேற, தண்ணி குடிச்சா அது வேற, செத்தாலும் அது வேற. என் வாயில வந்ததை எல்லாம் எழுத முடியாது. ஹெல்மெட்டைத் தரையில ஓங்கிப் போடப் போனேன். உஸ்தாத் ஹெல்மெட்டாச்சேன்னு பிடிச்சுக்கிட்டேன்.

அண்ணன் கத்தல. வண்டியை ஸ்டாண்ட் போட்டார். சாவியைக்கூட எடுக்கல. தெரு முக்கைப் பார்த்து நடந்தார்.

“எங்கே போற?”

அண்ணன் நடந்துக்கிட்டே இருந்தார்.

“மாப்ளே! அதுல கை வச்சே, என் வீட்டுப் படி ஏறாதே. என் தங்கச்சியும் இனிமே இங்கே வரக் கூடாது. சொல்லிட்டேன்!”

அண்ணன் கால் நின்னுச்சு. அவர் வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு. தையில கல்யாணம். தாய்மாமன் சீர் இந்த வீட்டுலேர்ந்துதான் வரணும். அது எங்க எல்லாருக்கும் தெரியும். நின்னவர் முதுகை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். திரும்பிடுவார்னுதான் நினைச்சேன். பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பல. நேராப் போய், முன்பக்கம் தூக்கி நின்ன பையனை விலக்கிட்டு, மூங்கிலைத் தோள்ல வாங்கினார்.

“தெரு வழியாத் தூக்குங்கப்பா”ன்னார்.

பாடை பக்கத்துல வந்ததும் உஸ்தாத் கண்ணைத் திறந்தார். எந்திரிச்சார். முதுகுச் சட்டை நனைஞ்சு மண்ணு அப்பியிருந்துச்சு. அழகுராஜா அண்ணன் விட்டுட்டுப் போன வண்டியில உஸ்தாத் ஏறி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கிட்டார். ஃபர்ஸ்ட் கியர்.

போனோம். ரெண்டு வீட்டுக் கதவு டமார்னு சாத்திக்கிச்சு. ஒரு கல்லு வந்து என் பின்சக்கரத்துல பட்டுச்சு. எறிஞ்சவனைப் பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான். யாரும் திருந்திடல, அதை எதிர்பார்க்காதீங்க. பந்தல்ல மோர்ப் பானையைக் கவுத்து விட்டாங்க. பஸ் டிரைவர் மட்டும் இன்ஜினை அணைச்சுட்டு, சீட்டை விட்டு எந்திரிச்சு நின்னார். இந்திராணி அம்மா செருப்போட நடந்து வந்தாங்க. தலையைக் குனியல.

குழியை மூடிட்டு மயானத்துப் பைப்புல கை கால் கழுவினோம். அழகுராஜா அண்ணன் தோள்ல தோல் வழண்டு ரத்தம் கட்டியிருந்துச்சு. அவர் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வீட்டுலேர்ந்து. சேதி அதுக்குள்ள போயிடுச்சு. எடுக்கல அவர்.

போனைச் சட்டைப் பையில போட்டுட்டு, மெதுவா, “உஸ்தாத், ஒண்ணு கேக்கணும்”னார்.

“கேளுங்கண்ணே.”

“இன்னைக்கு எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன். இனிமே எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.”

“ம்.”

“நெசமாவே நீங்க என்ன ஆளுங்க?”

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! அவ்வளவு தூரம் தோள்ல சுமந்துட்டு வந்தும் இந்த மனுஷனுக்கு அது உள்ளே உக்காந்திருக்கே! உஸ்தாத் ஆத்திரப்படல. முகத்தைக் கழுவினார். துண்டால நிதானமாத் துடைச்சார்.

“எனக்கும் ஒரு நாள் வரும்ணே. அன்னைக்கு முன் வண்டி நீங்கதான் ஓட்டணும்.”

“ஐயோ, என்ன பேச்சு உஸ்தாத் இது.”

“எந்த வழியா ஓட்டுறதுன்னு முடிவு பண்ண அது வேணும்னா, இப்பவே சொல்லிடுறேன். வேணுமா அண்ணே?”