பஸ் ஏற மறுத்தவர்

யுகி கேட்டுக்குள் போக மறுத்தாள்.

கேட் என்பது பந்தயம் தொடங்கும் இடத்தில் குதிரைகளை நிறுத்தும் இரும்புக் கூண்டு. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. ஒரு குதிரை நிற்க மட்டும்தான் இடம். அதற்குள் நிற்கத் தெரியாத குதிரை என்ன வேகத்தில் ஓடினாலும் பயனில்லை.

யுகி நன்றாக ஓடுவாள். இரண்டு வயதுப் பெண்குதிரை. நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை.

ஜப்பானின் வடகோடியில், கடலை ஒட்டி இருந்தது அந்தப் பண்ணை. அங்கே இளம் குதிரைகளைப் பழக்குகிறவள் குழலி. கால்நடை மருத்துவம் படிக்க வந்து அந்த நாட்டிலேயே தங்கிவிட்டவள். அவளிடம் வேலை பழக வந்தவர் மரியதாஸ். ஊட்டியில் இருபது வருடம் பந்தயக் குதிரை ஓட்டியவர். பழகிய குதிரைகளை ஓட்டியிருக்கிறார். பழகாத குதிரைக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

சனிக்கிழமை காலை மரியதாஸ் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். யுகியின் கண்களைத் துணியால் கட்டினார்கள். பின்தொடையைச் சுற்றிக் கயிறு போட்டு, ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மரியதாஸ் பின்னாலிருந்து தோள்கொடுத்துத் தள்ளினார். உள்ளே போனதும் கதவை அறைந்து சாத்தினார்கள். கூண்டு அதிர்ந்தது. திறந்தபோது யுகியின் முழங்காலில் ரத்தம்.

மறுபடி கூட்டிவந்தபோது, கேட் கண்ணில் பட்ட தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

குழலி காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மரியதாஸ் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டார்.

"இவளுக்கு என்னதாம்மா கோளாறு? கேரட் குடுத்தாச்சு. கெஞ்சியாச்சு. தள்ளியாச்சு. வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு. அன்னிக்கும் உள்ளே போகலைன்னா லாரிதான்."

பந்தயத்துக்கு ஆகாத குதிரைகளை ஏற்றிக்கொண்டு போக ஒரு லாரி வரும். அது எங்கே போகிறது என்று பண்ணையில் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததால்தான் கேட்பதில்லை.

"அந்த மனுஷனுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? ரெண்டு வயசுப் புள்ளைம்மா இது. அதுக்குள்ள கெடு வைக்கிறாரு."

"நாளைக்கு லீவு. எங்கே போறீங்க, அண்ணே?"

"நான் என்ன பேசுறேன், நீங்க என்ன கேக்குறீங்க?"

"எங்கே போறீங்க?"

"ஏரி பார்க்க. டூர் பஸ்ல சீட்டு போட்டிருக்கேன். எரிமலைக்கு நடுவுல ஏரியாம். வீட்டுக்காரிக்குப் படம் எடுத்து அனுப்பணும்."

"போயிட்டு வாங்க," என்றாள் குழலி.

திங்கட்கிழமை அவர் லாயத்துக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து, குதிரைகளெல்லாம் தலையைத் தூக்கின.

"மோசடிம்மா. சுத்த மோசடி."

"ஏரி இல்லையா?"

"ஏரி இருக்கு. பார்க்க விட்டாத்தானே? ஒரு பொண்ணு மஞ்சள் கொடியைத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடுது. பின்னால நாங்க ஓடுறோம். இறங்குங்கிறா. ஏறுங்கிறா. இது கோயில், ஏறு. இது அருவி, ஏறு. அருவியை நான் போன்லதான் பார்த்தேன். கண்ணால பார்க்கலை."

குழலி வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?"

"ஒரு இடத்துல மிட்டாய் குடுத்து, வாங்க வாங்கன்னு உள்ளே கூட்டிப் போனா. போய்ப் பார்த்தா கடை. எல்லாரும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு எதிர்ப்பக்கக் கதவைத் திறக்கிறாங்க. நாங்க என்ன ஆடா மாடா?"

"மிட்டாய் எப்படி இருந்துச்சு?"

"மிட்டாய் நல்லாத்தான் இருந்துச்சு. அதுவா இப்ப பேச்சு?"

"ஏரி?"

மரியதாஸின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கடைசியா ஏரிக்குப் போனோம். சுத்தி மலை. நடுவுல தண்ணி அசையாம கிடக்குது. நான் ஒரு பெஞ்சில உட்கார்ந்தேன். உட்கார்ந்து மூச்சு விடலை, அந்தப் பொண்ணு வந்து ஏறுங்கிறா. ஏற மாட்டேன்னுட்டேன்."

"நீங்களா?"

"ஆமா. நான் யார்கிட்டயும் எதிர்த்துப் பேசுற ஆளில்லைம்மா. ஆனா கால் எழும்பலை. டிரைவர் வந்தார். கும்பிட்டார். ஏற மாட்டேன்னேன். ஒருத்தன் கையைப் பிடிச்சு இழுக்கிறான். இன்னொருத்தன் பின்னால வந்து தள்றான். பின்னாலேர்ந்தும்மா. நான் என்ன அரிசி மூட்டையா?"

"பஸ் போயிடுச்சா?"

"போயிடுச்சு. நடந்து போய் ரயிலைப் பிடிச்சு வந்தேன்."

"பஸ்ல உங்களைப் பத்தி என்ன பேசியிருப்பாங்க?"

"வேறென்ன பேசுவாங்க? இந்தாளுக்கு என்ன கோளாறுன்னு..."

மரியதாஸ் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த அறையில் யுகி வைக்கோல் மெல்லும் சத்தம் கேட்டது.

குழலி கைகளைத் துடைத்துக்கொண்டாள். "அவளைக் கூட்டிட்டு வாங்க, அண்ணே. கயிறு வேண்டாம். துணியும் வேண்டாம்."

கேட்டின் முன்கதவு, பின்கதவு இரண்டையும் குழலி விரியத் திறந்துவைத்திருந்தாள். கூண்டின் வழியாக ஓடுபாதையும் அதற்கு அப்பால் கடலும் தெரிந்தன. யுகி தூரத்திலேயே நின்றாள். காதுகள் முன்னால் விறைத்திருந்தன.

மரியதாஸ் நின்றார். காலை மாற்றி நின்றார்.

"நடத்தட்டுமா?"

"வேண்டாம்."

"அப்படி என்னதாம்மா பார்க்கிறா?"

"தெரியலை. ஏரியில நீங்க என்ன பார்த்தீங்க?"

மரியதாஸ் யோசித்தார். "ஒண்ணுமில்லை. தண்ணிதான்."

"அதைப் பார்க்க எவ்வளவு நேரம் வேணும்?"

அன்று யுகி ஓர் அடிகூட முன்னே வரவில்லை. வெயில் ஏறியதும் அவளை லாயத்துக்குத் திருப்பி அழைத்துப் போனார்கள்.

மறுநாள் பாதித் தூரம் வந்தாள். அதற்கு மறுநாள் கேட்டின் கம்பியை முகர்ந்தாள், நக்கினாள், பிடிக்காமல் உதட்டைச் சுருட்டினாள். வியாழக்கிழமை திறந்த கூண்டுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தாள். கதவைச் சாத்தி அவளை நிறுத்திப் பார்க்க இன்னும் சில நாட்கள் தேவைப்பட்டன. குழலி முதலாளிக்கு போன் செய்து அவகாசம் கேட்டாள். அவர் தரவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். அவர் காருக்குப் பின்னாலேயே லாரியும் வந்தது.

மரியதாஸ் அதைப் பார்த்தார். "பார்க்கிறதுக்கு முன்னாடியே வண்டியைக் கொண்டாந்துட்டாரா?"

"ஆமா, அண்ணே."

"பெரிய மனுஷன்."

யுகியும் லாரியைப் பார்த்தாள். கேட்டுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். சனிக்கிழமை உதவிக்கு வந்த அதே இரண்டு பேர் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

மரியதாஸ் யுகியின் வார்ப்பட்டையைத் தளர விட்டார். அவளுக்கும் அந்த இருவருக்கும் நடுவில் போய், ஈர மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

கயிற்றோடு வந்தவர்கள் நின்றார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. குழலியிடம் வேகமாகப் பேசினார்.

"அண்ணே, அஞ்சு நிமிஷத்துல அவ உள்ளே நிக்கணுமாம். இல்லைன்னா லாரியாம். உங்களுக்கும் இங்கே வேலை இல்லையாம்."

"அந்த லாரியில எனக்கும் இடம் இருக்கான்னு கேளுங்க." மரியதாஸின் குரல் உயர்ந்தது. கோபம்தான். "பின்னாலேர்ந்து தள்ளாம ஏறுறேன்னு சொல்லுங்க. அவளுக்கு முழங்கால்ல இன்னும் காயம் ஆறலை. அதைப் போட்டது நான். மறுபடி போட மாட்டேன். அதையும் சொல்லுங்க."

குழலி முதலாளியிடம் ஒரே ஒரு வரி சொன்னாள்.

முதலாளி யுகியைப் பார்த்தார். பிறகு மணலில் உட்கார்ந்திருந்த மரியதாஸைப் பார்த்தார். குழலியிடம் ஏதோ கேட்டார்.

அதற்குள் யுகி தலையைத் தாழ்த்தியிருந்தாள். மரியதாஸின் தொப்பியை முகர்ந்தாள். அவர் காதுக்குள் பெருமூச்சு விட்டாள். அவர் அசையவில்லை. எழும்படி அவரிடமும் யாரும் சொல்லவில்லை.

யுகி கேட்டைப் பார்த்தாள். அதற்கு அப்பால் கடலைப் பார்த்தாள். அந்த ஐந்து நிமிடம் போய்விட்டது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அவள் நடந்தாள். கூண்டுக்குள் போனாள். நின்றாள்.

குழலி பின்கதவை ஓசையில்லாமல் கையால் சேர்த்தாள். சுற்றி வந்து முன்கதவையும் சேர்த்தாள். கம்பிகளுக்கு ஊடாக யுகி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது வெளியே வர அவள் அவசரப்படவில்லை.

முதலாளி காரில் ஏறினார். லாரி காலியாகவே திரும்பிப் போனது.

மரியதாஸ் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். யுகியை லாயத்துக்கு அழைத்துப் போகும் வழியில் கேட்டார்.

"நான் சொன்னதையெல்லாம் அவர்கிட்ட சொன்னீங்களாம்மா?"

"இல்லை, அண்ணே."

"அதானே பார்த்தேன். ஒரு வரியில முடிச்சிட்டீங்க. என்ன சொன்னீங்க?"

"ஊர் பார்க்க வந்திருக்காங்க, பார்த்து முடிக்கட்டும்னு சொன்னேன்."

மரியதாஸ் நின்றார். யுகியும் நின்றாள்.

"யாரைச் சொன்னீங்க? இவளையா, என்னையா?"

"அவரும் அதைத்தான் கேட்டார்," என்றாள் குழலி.