வாசலோரப் பச்சை

சித்திரை மாதத்து அந்தக் காலையில் புல்தரையில் நின்றவர்கள் நால்வர். வீட்டுக்கு உரியவரும் ஓய்வுபெற்ற தாசில்தாருமான திருமலைக்கொழுந்து. குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜம்புலிங்கம். சிமெண்டுக் கல் பதிக்க அவர் அழைத்து வந்திருந்த மேஸ்திரி அந்தோணிமுத்து. கிரிக்கெட் மைதானமொன்றில் பதினாறு ஆண்டுகள் புல் வளர்த்த பெரியநாயகி.

பெரியநாயகிக்கு வயது நாற்பது. கொழுந்துக்கு அறுபத்தாறு. ஆயினும் கொழுந்துதான் மாணவர். தாசில்தார் தோட்டக்காரியிடம் பாடம் கேட்கிறார் என்று தெருவே சிரித்தது. அதைப் பொருட்படுத்தவில்லை என்று அவர் தமக்கே அடிக்கடி சொல்லிக்கொண்டார்.

தை மாதம் ஆசிரியை விதித்தது இவ்வளவே. கோடை முடியும்வரை வாரம் ஒரு முறை, மண் ஒரு சாண் ஆழம் நனையும்படி நீர். மற்ற நாட்களில் ஒரு சொட்டும் கூடாது. புல் பழுக்கும், பழுக்கட்டும்.

பழுத்தது. தெருவெங்கும் பச்சை; இங்கே தேங்காய் நாரின் நிறம். அழகிய தெருவுக்கான பரிசை முடிவுசெய்ய அடுத்த வாரம் நடுவர்கள் வர இருந்தார்கள். செத்த புல்லை அகற்றிக் கல் பதிக்க உரிமையாளர் சம்மதிக்கிறார் என்று எழுதிய தாளை ஜம்புலிங்கம் நீட்டினார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கொழுந்து பேனாவைத் திறந்துவிட்டார். பிறகு ஆசிரியையின் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு உசுரு இருக்குதுன்னு நான் எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

பெரியநாயகி ஜம்புலிங்கத்தைப் பார்த்தார்.

"தலைவரே, செத்ததுன்னா கையோட வந்துரும். புடுங்குங்க."

ஜம்புலிங்கம் குனிந்து ஒரு பிடி பழுப்புப் புல்லைப் பற்றி இழுத்தார். வரவில்லை. இரு கைகளாலும் இழுத்தார்.

"பார்த்துங்க, வேட்டி வந்துறப் போகுது," என்றார் மேஸ்திரி. பின்னர் தாமும் இழுத்துப் பார்த்து, உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, இதை எடுக்கக் கூடுதலாக இரண்டு ஆள் வேண்டும் என்றார்.

கொழுந்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பேனாவை மூடினார்.

"அங்கயும் புடுங்கிப் பாருங்க," என்று பெரியநாயகி வாசலோரத்தைக் காட்டினார்.

அங்கே இரண்டு முழ அகலத்துக்குப் புல் பச்சையாக இருந்தது. நடைப்பயிற்சிக்காரர்கள் கிளம்புமுன் நாள்தோறும் ஒரு பூவாளி நீர் கொழுந்து அங்கே ஊற்றிவந்தார். தெருவின் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு மட்டும்.

ஜம்புலிங்கம் இரண்டே விரல்களால் இழுத்தார். பச்சை, பாய் சுருள்வது போல் எழுந்து வந்தது. மேலேயே நீர் கிடைத்த வேர் நகக்கண் நீளம்கூட இறங்கவில்லை. அடியில் ஈர மண்ணில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

"எங்க வீட்டுலயும் தினம் இப்படித்தான் ஊத்தறாங்க," என்றார் ஜம்புலிங்கம், யாரிடம் என்றில்லாமல்.

கொழுந்து தரையைப் பார்த்தபடியே, தாம் ஊற்றுவது ஆசிரியைக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். மாசியிலேயே தெரியும் என்றார் பெரியநாயகி.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருந்தா எனக்குப் பயந்து நிறுத்தியிருப்பீங்க. இவங்களுக்குப் பயந்துதானே ஊத்துனீங்க."

கொழுந்து கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பூவாளியை எடுத்து வந்து, இனி வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கொடுத்தார். கையெழுத்திடாத தாளில் அந்தப் பச்சைப் புல்லைப் புழுவோடு பொதிந்து, ஜம்புலிங்கத்தின் கையில் வைத்தார்.

ஜம்புலிங்கம் பொதியைப் பார்த்தார். தெருவின் மறுபக்கத்தில் தளதளவென்றிருந்த தம் வீட்டுப் புல்லைப் பார்த்தார். வாசலைக் கடந்து அதை நோக்கி நடந்தார்.